கவுன்சலிங் வகுப்புக்கு வாத்தியார் எங்கே?

தறியூர்களிலும் பனியன் கம்பெனிகளிலும் மனநல ஆலோசகர்களுக்குத் தேவை பெருகுகிறது. கல்லூரிகளுக்கு உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டுவிட்டது. ஆனால், ஆலோசகர்களை உருவாக்கவும் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டவும் படித்த முனைவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

2025 ஏப்ரல் மாதத்தில் சோமனூர் வீதிகளில் பேசியவர்கள் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. கூலி உயர்வு கேட்டு மார்ச் 19-ஆம் தேதி நிறுத்திய விசைத்தறிகள் நின்றது நின்றபடி இருந்தன. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட தறிகள். குடோன்களில் பாவு ஏற்றிய தறிகள் மேல் பஞ்சுத்தூசி படிந்தது. கருமத்தம்பட்டியில் உண்ணாவிரதப் பந்தல்; தறிக்காரர்களோடு வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். காடா துணி வெளியே போகவில்லை என்றால் சைசிங் மில்லுக்கு வேலையில்லை, பாவு பிணைப்பவருக்கு வேலையில்லை, டெம்போக்காரருக்கு வாடகையில்லை. ஒரு மாதம் கடந்த பிறகு, சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடும் மற்ற ரகங்களுக்கு 10 விழுக்காடும் உயர்வு என்று பேசி முடித்தார்கள். தறிகள் மறுபடி ஓடின.

கூலிப் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஒரு மாதம் வீடுகளுக்குள் விட்டுச் சென்றது அத்தனை எளிதில் தீராது. தறி வாங்கிய கடனுக்குத் தவணை தவறியிருக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காக நகை அடகுக்குப் போயிருக்கும். குடியை விட்டிருந்தவர் மறுபடி தொட்டிருப்பார். அதற்கு நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. பக்கத்துத் திருப்பூரில் ஆர்டர்கள் தள்ளிப்போயின, ஓவர்டைம் குறைந்தது. இப்படிப்பட்ட நாள்களில் ஒருவர் மனதுக்குள் நடப்பதைப் பேச எங்கே போவார்?

“கவுன்சலரிடம்” என்று இப்போது பலரும் பதில் சொல்கிறார்கள். பள்ளி சொல்கிறது, கம்பெனி சொல்கிறது, காவல் நிலையமும் சொல்கிறது. இந்தக் கட்டுரை கேட்பது அதற்கு அடுத்த கேள்வியை. அந்தக் கவுன்சலரை உருவாக்கியவர் யார்? அவர் தடுமாறும்போது யாரிடம் போவார்? இந்த இரண்டு வேலைகளுக்காகவே அமெரிக்காவில் ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது: ஆலோசகர் கல்வியும் மேற்பார்வையும். நம் ஊரில் இந்த வேலையை உளவியல், சமூகப்பணி, கல்வியியல் பி.எச்.டி.கள்தான் ஓரமாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஓரமாகச் செய்தது போதும், மையத்துக்குக் கொண்டுவர வேண்டிய நேரம் இது.

மேற்பார்வை என்பது வருகைப் பதிவேடு அல்ல

நூற்பாலை விடுதி ஒன்றில் கவுன்சலராகச் சேர்ந்த 24 வயதுப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். கையில் முதுகலை உளவியல் பட்டம் இருக்கிறது. சம்பளம் தருவது நிர்வாகம். ஓர் இரவு, வேலை முடிந்து வந்த ஒரு தொழிலாளி, இரவு ஷிப்டில் மேற்பார்வையாளர் ஒருவர் தொந்தரவு தருவதாகச் சொல்கிறாள். “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று கையைப் பிடித்துக்கொள்கிறாள். பேச்சுவாக்கில் தெரிகிறது, அவளுக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை.

கவுன்சலர் அந்த நிமிடத்தில் எதிர்கொள்ளும் சிக்கல் சாதாரணமானது அல்ல. ரகசியம் காப்பது தொழில் அறம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால், பாலியல் குற்றம் குறித்துத் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு கண்ணியமாக நடத்தும் என்ற நம்பிக்கை அந்தப் பெண்ணுக்கு இல்லை. வீட்டுக்குத் தகவல் போனால் வேலையை விட்டு அழைத்துப்போய் அவசரமாகக் கல்யாணம் செய்துவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். இதையெல்லாம் மறுநாள் காலை, பெயர் சொல்லாமல், நிர்வாகத்துக்கு வெளியே உள்ள அனுபவசாலி ஒருவரிடம் விவரித்து, “இதில் என் கடமை என்ன? நான் எங்கே பதறினேன்? அடுத்த முறை அவளிடம் எப்படித் தொடங்குவது?” என்று கேட்க முடிய வேண்டும். அந்த உரையாடலுக்குப் பெயர்தான் மேற்பார்வை.

கேட்பதற்கு ஆளில்லாவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். கவுன்சலர் விஷயத்தை விழுங்கிவிட்டு நிர்வாகத்தின் ஆளாக மாறுவார். அல்லது கேட்ட துயரங்களையெல்லாம் வீட்டுக்குச் சுமந்துபோய் வேலையை விட்டுவிடுவார். இரண்டிலுமே நஷ்டப்படுவது அந்த விடுதிப் பெண்தான்.

மேற்பார்வை தருவதற்கும் தனிப் படிப்பு தேவை. நல்ல ஆலோசகர் எல்லோருமே நல்ல மேற்பார்வையாளர் ஆகிவிடுவதில்லை. 1979-இல் அமெரிக்கக் கல்வியாளர் ஜனின் பெர்னார்ட் வகுத்த முறை இன்றும் உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. மேற்பார்வையாளர் சில நேரம் ஆசிரியராக இருந்து நுட்பத்தைச் சொல்லித்தர வேண்டும். சில நேரம் ஆலோசகராக மாறி, பயிற்சியாளரின் மனதில் எழுந்த அச்சத்தையோ கோபத்தையோ பேச வைக்க வேண்டும். சில நேரம் சக தொழிலராக நின்று முடிவை அவரிடமே விட வேண்டும். எப்போது எது என்று கண்டுகொள்வதில்தான் திறமை இருக்கிறது. பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போடுவதைச் சோமனூரில் யாரும் புத்தகம் பார்த்துக் கற்றதில்லை. பக்கத்தில் ஒருவர் நின்று விரலைப் பிடித்துக் காட்டித்தான் கற்றார்கள். மனதோடு வேலை செய்கிறவர்களுக்கு அப்படிப் பக்கத்தில் நிற்க ஆளில்லை என்பதுதான் குறை.

பெட்டிச் செய்தி: எண்கள் பேசுவது

2022-இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். தமிழ்நாட்டில் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல், அதாவது 26.4 விழுக்காட்டினர், தினக்கூலித் தொழிலாளர்கள். மாணவர்கள் 13,044 பேர்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, பொதுவான மனநலப் பாதிப்புகள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

உடனே பேச வேண்டும் என்றால்: 14416 (டெலி மானஸ்), 104 (தமிழக அரசு மருத்துவ உதவி எண்). இரண்டும் 24 மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

கோவாவில் கிடைத்த பாடம்

மேற்பார்வை எவ்வளவு மாற்றத்தைத் தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று உண்டு. கோவாவின் சங்காத் அமைப்பு, பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு கொண்ட 493 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஆலோசனை தந்தவர்கள் மருத்துவர்களோ உளவியல் பட்டதாரிகளோ அல்ல. பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். மூன்று மாத முடிவில், ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரே மீண்டிருந்தார்கள். லான்செட் இதழில் வந்த இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

பேசப்பட வேண்டிய அளவுக்குப் பேசப்படாதது, அந்த உள்ளூர் ஆலோசகர்களுக்குப் பின்னால் இருந்த ஏற்பாடு. அவர்களுடைய அமர்வுகள் பதிவு செய்யப்பட்டன. குழுவாக உட்கார்ந்து பதிவைக் கேட்டு, ஒருவர் வேலையை மற்றவர்கள் மதிப்பெண் போட்டு விவாதித்தார்கள். முதலில் நிபுணர்கள் வழிநடத்தினார்கள். பிறகு அவர்களே ஒருவரையொருவர் மேற்பார்வையிடும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஆள் எடுத்து, ஒரு வாரம் வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

தமிழ்நாட்டிலும் இதற்கு வேர்கள் உண்டு. வேலூரில் 1971-இல் தொடங்கிய கிறிஸ்தவ ஆலோசனை மையம் தலைமுறை தலைமுறையாக ஆலோசகர்களைப் பயிற்றுவித்திருக்கிறது. குடிநோய்க்கு ஆலோசனை தருவதை ஒரு தொழிலாக நிலைநாட்டியது, சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிறுவனம். தற்கொலைத் தடுப்புக்காக லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகாவில் தொலைபேசியை எடுப்பவர்கள் தன்னார்வலர்கள். எச்.ஐ.வி. ஆலோசகர்களுக்காக டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஒருங்கிணைத்த ‘சக்ஷம்’ திட்டம், பயிற்சியோடு களத்துக்குப் போய் வழிகாட்டும் மேற்பார்வையாளர்களையும் சேர்த்துத் தந்தது. நிதி வந்த திட்டம் என்பதால் அதற்கு முடிவுத் தேதியும் இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாக ஊன்றாத எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

அமெரிக்காவில் என்ன படிக்கிறார்கள்?

அங்கே இது பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. சோவியத் ரஷ்யா 1957-இல் ஸ்புட்னிக்கை ஏவியதும் பதறிய அமெரிக்கா, மறு ஆண்டு கல்விக்கென்று ஒரு பெரும் சட்டம் கொண்டுவந்து, பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பணம் ஒதுக்கியது. பயிற்றுவிக்கப் பேராசிரியர்கள் தேவைப்பட்டார்கள். 1981-இல் காக்ரெப் என்னும் அங்கீகார அமைப்பு உருவானது. இந்த முனைவர் பட்டத்துக்கு அது ஐந்து தூண்களை வைத்திருக்கிறது: ஆலோசனை, மேற்பார்வை, கற்பித்தல், ஆய்வு, தலைமைத்துவமும் உரிமைக்காகக் குரல் கொடுத்தலும். ஆய்வேட்டோடு 100 மணி நேரக் களப்பயிற்சியும் 600 மணி நேர உள்பயிற்சியும் முடிக்க வேண்டும். முதுகலை மாணவர்களுக்கு மேற்பார்வை தருவதும், அதைப் பேராசிரியர் கவனித்துத் திருத்துவதும் அந்தப் பயிற்சியில் சேரும். 2013-க்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற துறைகளில் புதிதாக முதன்மை ஆசிரியராகச் சேர இந்தத் துறையிலேயே முனைவர் பட்டம் வேண்டும் என்றாகிவிட்டது.

கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு அமெரிக்கா ஒரு வழிதான். ஆனால் அங்கே பயிற்சிக்கு வருபவர் பேசுவது ஆங்கிலம். அவர் குடும்பமும் வேலையும் வேறு மாதிரி. திரும்பி வந்தால் சோமனூரில் பாதியை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

மருதமலை அடிவாரத்துக்கு ஒரு பயணம்

கோவைக்குக் கிழக்கே சோமனூர், மேற்கே மருதமலை சாலையில் 1982-இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகம். கோவைக்கு ரயில் இருக்கிறது, பஸ் இருக்கிறது. தூரம் ஒரு தடையே இல்லை. தடைகள் வேறு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள்படி, பி.எச்.டி. குறைந்தது மூன்று ஆண்டு, சேர்ந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு ஆண்டு கிடைக்கும். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு. பேறுகாலத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்யலாம், பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ பி.எச்.டி. கிடையாது.

பெரும் சிக்கல் வழிகாட்டி கிடைப்பது. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்ட முடியாது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும்போது, இந்த எண்ணிக்கை இன்னும் சுருங்குகிறது. கிடைத்த வழிகாட்டியின் ஆர்வம் எதுவோ அதுவே மாணவரின் தலைப்பாகிவிடுகிறது. அப்படித்தான், ஆலோசனைத் துறைக்கு வர நினைத்த பலர் பள்ளிகளில் வினாத்தாள் கொடுத்துப் புள்ளிவிவரம் போட்டு முனைவர் ஆகிறார்கள். ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து அழும்போது என்ன செய்வது என்று யாரும் அவர்களைச் சோதித்ததில்லை. அவர்களே மறுநாள் முதுகலை மாணவர்களுக்குக் கவுன்சலிங் பாடம் எடுக்கிறார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைப்பு அவர்களிடம் அதைக் கேட்கவே இல்லை.

பணமும் ஒரு கேள்வி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. கிடைக்காதவர்களுக்கு, அதிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டு என்பது வீட்டில் எல்லோரிடமும் பேசித்தான் எடுக்க வேண்டிய முடிவு.

பெட்டிச் செய்தி: சட்டத்தில் கவுன்சலர் எங்கே?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘மனநலத் தொழில் வல்லுநர்’ என்று மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப்பணியாளர் ஆகியோரைச் சொல்கிறது. சித்த மருத்துவத்தில் சிறப்பு மருத்துவம் முதுகலை படித்தவரும் அந்தப் பட்டியலில் உண்டு. கவுன்சலர் இல்லை.

2021-இல் வந்த துணைமருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் உளவியலாளர், நடத்தைநல ஆலோசகர், எச்.ஐ.வி. ஆலோசகர் போன்றோரை முதல்முறையாகப் பட்டியலில் சேர்த்தது.

மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு வேண்டும். அதற்கு வழியான எம்.ஃபில். படிப்பைத் தொடர 2025-26 வரை மட்டும் மானியக் குழு விலக்கு தந்தது.

உத்தரவு வந்துவிட்டது, ஆள்?

2025 ஜூலை 25. சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் குறித்து நாடு முழுமைக்கும் வழிகாட்டுதல்களை அறிவித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பொறியியல், கலைக் கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது அவிநாசி சாலையில் ஒரு முறை போய்வந்தவர்களுக்கே தெரியும். அத்தனைக்கும் ஆள் வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை நிறுத்தச் சொன்னது. நியாயமான முடிவு. எதிரில் மனிதர் இல்லாமல் கற்கக்கூடிய தொழில் அல்ல இது. ஆனால், பகலில் வேலைக்குப் போய் மாலையில் படித்து உளவியல் பட்டம் வாங்கிவந்த எளிய குடும்பத்துப் பெண்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஒரு பக்கம் தேவை பல மடங்காகிறது. மறுபக்கம் நேரடி வகுப்பில் மட்டுமே படிக்கலாம். நேரடி வகுப்பு என்றால் ஆசிரியர் வேண்டும். அரசு இந்த இரண்டு உத்தரவுகளையும் சேர்த்துப் பார்த்திருந்தால், மூன்றாவதாக முனைவர் இடங்களைக் கூட்டும் உத்தரவும் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. ஏற்கெனவே இருக்கும் விரிவுரையாளர் ஒருவருக்கு ‘கவுன்சலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டுவார்கள். உள்மதிப்பெண் போடுகிற அதே ஆசிரியரிடம் மாணவர் தன் துயரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். யார் சொல்வார்கள்?

தமிழில் கேட்கத் தெரிய வேண்டும்

முனைவர் பட்டம் இங்கேயே இருக்க வேண்டும் என்பதற்கு மொழி இன்னொரு காரணம். இந்தப் பக்கத்து ஆள் “மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வரமாட்டார். “நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குதுங்க”, “ரவைக்குத் தூக்கமே இல்லீங்க”, “ஒண்ணும் ஓடலீங்க” என்பார். அதைக் கேட்டு, இதய நோயா, கடன் பயமா, தற்கொலை எண்ணமா என்று அடுத்த கேள்வியை எப்படி வைப்பது என்பதைத் தமிழில்தான் பழக முடியும். பயிற்சிப் பதிவுகளும், எழுத்தாக்கிய அமர்வுகளும், மதிப்பீட்டு அளவைகளும் இந்த வழக்கில் வேண்டும். அவற்றை உருவாக்குவதே பல முனைவர் ஆய்வுகளுக்குப் போதுமான வேலை.

யாழ்ப்பாணம் இதில் நமக்கு முன்னோடி. 1987 முதல் இயங்கும் சாந்திகம் என்னும் அமைப்பு, போருக்கு நடுவிலும் சுனாமிக்குப் பிறகும் தமிழில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராமப் பணியாளர்களுக்கும் தமிழில் கையேடுகள் எழுதினார்கள். அவர்கள் அங்கே சேர்த்துவைத்திருக்கும் அனுபவம் கோவையில் ஒரு பாடத்திட்டமாக வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தமிழ் மட்டும் போதாது என்பதும் உண்மை. பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் இல்லாமல் இன்று திருப்பூரில் தையல் பிரிவு ஓடாது. 2023 மார்ச்சில், வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, எத்தனை பேர் பயந்து ரயில் ஏறினார்கள் என்பதை நாடே பார்த்தது. இந்தியிலும் ஒடியாவிலும் பேசும் தொழிலாளர்களில் இருந்தே ஆலோசகர்களை எடுத்து, கோவா முறைப்படி பதிவு கேட்டு வழிநடத்த முடியும். அதற்கும் மேலே ஒரு மேற்பார்வையாளர் இருந்தாக வேண்டும்.

இருக்கிற விதியிலேயே இடம் உண்டு

புதிய பட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2022 விதிகளை நிதானமாகப் படித்தால் மூன்று வாய்ப்புகள் தெரிகின்றன. முதலாவது, பி.எச்.டி. மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடங்கள் முடிக்க வேண்டும். அதில் ஆய்வு முறையியலோடு ஆலோசனை மேற்பார்வையையும் ஒரு பாடமாக வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

இரண்டாவது, எந்தத் துறையானாலும் ஆய்வு மாணவர் கற்பித்தலில் பயிற்சி பெற்றாக வேண்டும் என்றும், வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் வகுப்பு, ஆய்வக உதவிப் பணி தரலாம் என்றும் விதி சொல்கிறது. அந்த நேரத்தை விடைத்தாள் திருத்தச் சொல்லி வீணாக்காமல், முதுகலை மாணவர்களின் களப்பயிற்சி அமர்வுகளை மேற்பார்வையிடக் கொடுத்தால் என்ன? வாரம் ஆறு மணி நேரம், ஆண்டுக்கு முப்பது வாரம், மூன்று ஆண்டு என்று வைத்தாலே 540 மணி நேரம் ஆகிறது. அமெரிக்கர்கள் கேட்கும் 600 மணிக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்.

மூன்றாவது வாய்ப்பு இணை வழிகாட்டி. நிரந்தரப் பணியில் உள்ள ஆசிரியர்தான் முதன்மை வழிகாட்டியாக இருக்க முடியும் என்பதால், இருபது ஆண்டு களத்தில் உழைத்த ஆலோசகருக்கு முனைவர் பட்டமே இருந்தாலும் அந்த இடம் கிடைக்காது. ஆனால் உரிய ஒப்புதலோடு பிற நிறுவனங்களிலிருந்து இணை வழிகாட்டியை வைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையிலிருந்தோ சமூகப்பணிக் கல்லூரியிலிருந்தோ ஒருவர் அப்படிச் சேர்ந்தால், ஆய்வேடு எழுதும் மாணவர் வாரம் ஒரு நாளாவது நிஜமான நோயாளியையும் நிஜமான ஆலோசகரையும் பார்ப்பார்.

இந்தப் படிப்புக்குச் சேர நினைப்பவர்கள், வழிகாட்டியைத் தேடும்போதே சில விஷயங்களைக் கேட்டுவிடுவது நல்லது. அவரிடம் இப்போது எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள்? அவர் கடைசியாக ஆலோசனை தந்தது எப்போது? அமர்வுகளைப் பதிவு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கித் தருவாரா? தமிழில் தரவு சேகரிக்க ஒத்துக்கொள்வாரா? இணை வழிகாட்டிக்குச் சம்மதமா? பகுதி நேரம் என்றால், கம்பெனியிடமோ பள்ளியிடமோ தடையின்மைச் சான்றை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

2026-இல் பதிவு செய்கிறவர் ஆய்வேட்டை ஒப்படைக்க முடிவது சீக்கிரம் என்றால் 2029-இல். உதவிப் பேராசிரியராக நிரந்தரப் பணி கிடைத்து, தகுதியான ஆய்விதழ்களில் மூன்று கட்டுரைகளாவது வெளியான பிறகுதான் அவரே வழிகாட்டியாகி நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ள முடியும். அவர்கள் முனைவர்களாகி வெளியே வரும்போது 2030-களின் நடுப்பகுதி ஆகிவிடும். கல்லூரிகளுக்கு ஆலோசகர்களை நியமிக்கும்படி வந்த உத்தரவோ இன்றைக்கே நடப்பில் இருக்கிறது.